சித்தியின் முன்பல்லுக்கு எவ்வளவு வெளிச்சம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு தெரியவந்தது. செய்தவள் நான். சிறியது என்று சும்மா எழுதவில்லை, அளந்து பார்த்தேன். பத்தரை மில்லிமீட்டர் உயரம், எட்டரை மில்லிமீட்டர் அகலம். சித்தியின் மேல்வரிசை முன்பல், வலப்பக்கம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

சித்தி ஓர் ஓட்டலில் வரவேற்பு மேசையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். மூன்று வாரம் முன்பு யாரோ ஒரு விருந்தினரின் பெட்டியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை அறுக்கக் கத்தரிக்கோல் தேடினார்கள். "இதுக்கெல்லாமா கத்தரிக்கோல்?" என்று சித்தி வாயில் வைத்துக் கடித்தாள். பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பாதியாகிவிட்டது.

நான் தங்கியிருப்பது சித்தி வீட்டில். வேலை செய்வது ஒரு பல் மருத்துவமனையின் மாடியில், பல் செட்டும் கேப்பும் செய்கிற லேபில். அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றுவேன், சீட்டு எழுதுவேன். அதனால் "நம்ம இடத்துக்கே போலாம் சித்தி" என்று பெருமையாகக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா உடைந்த பல்லைச் செதுக்கி, தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் கேப் மாட்டிவிட்டார். நிஜக் கேப்பை மாடியில் தூள் அண்ணன் செய்ய வேண்டும். நாள் முழுக்கப் பீங்கான் தூளைக் குழைத்து, தீட்டி, சூளையில் வேகவைப்பவர் என்பதால் அந்தப் பெயர். அவர் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. பக்கத்துப் பல்லின் நிறத்தைப் போட்டோவில் பார்த்துத்தான் செய்வார். போட்டோ எடுக்கிற பெண் அன்று லீவு.

"நீதான் சாயங்காலம் போட்டோ கிளாஸ் போறியே, நீயே எடு" என்றார் டாக்டரம்மா.

ஐந்து வகுப்பு போயிருக்கிறேன். கேமராவை ஆட்டோ மோடில் வைத்து எடுத்தேன். திரையில் பளிச்சென்று அழகாக இருந்தது. பளிச்சென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் நான்.

இன்று மதியம் கேப் வந்தது. தற்காலிகக் கேப்பைக் கழற்றும்போது அது உடைந்துவிட்டது. புதியதை வைத்துப் பார்த்து டாக்டரம்மா கண்ணாடியைக் கொடுத்தார். சித்தி சிரித்தாள். உடனே வாயை மூடினாள். மறுபடி கொஞ்சம் திறந்து பார்த்தாள்.

"என்னடி இது, ஒரு பல்லுக்கு மட்டும் கரண்ட் குடுத்திருக்காங்க?"

கூட வந்திருந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு ஏழெட்டு வாக்கியம் பேசுவார். "நல்லதுதான். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா டார்ச் வேணாம்" என்றார்.

வேறு கேப் இல்லாததால் அதையே லேசாக ஒட்டி அனுப்பினார்கள். அடுத்த வாரம் வியாழன், பதின்மூன்றாம் தேதி, காலை பத்து மணிக்குச் சித்திக்கு நேர்காணல் இருக்கிறது. வரவேற்புப் பிரிவின் தலைவி பதவி. இதற்கு முன் இரண்டு முறை அந்த இடம் காலியானது, இரண்டு முறையும் வெளியிலிருந்து ஆள் போட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் சித்தி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சிரிக்கிறதுதான்டி என் வேலை. இந்தப் பல்லோட நான் அங்க போய் உக்கார மாட்டேன். சொல்லிட்டேன்."

தவறு தூள் அண்ணனுடையது என்று சித்தி நினைக்கிறாள். நான் திருத்தவில்லை. இது இரண்டாவது தவறு.

மார்ச் 5, புதன்

சித்தி முகமூடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கேட்டவர்களிடம் சளி என்று சொன்னாளாம். வீட்டில் வாயைத் திறக்கவில்லை. உப்பு வேண்டுமானால் விரலால் மேசையைத் தட்டினாள். சித்தப்பா ஏழரை மணிச் செய்தியை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார்.

"பதினெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் வானிலை அறிக்கை வரைக்கும் வந்திருக்கேன்" என்றார் என்னிடம், காதோடு.

மாலை வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் கூடத்தில் நடக்கிறது. எங்கள் மேடம் பகலில் ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலுக்காகத் திருகாணியும் நட்டும் போட்டோ எடுக்கிறவர். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். இன்று கறுப்புத் துணியில் ஒரு வெள்ளை முட்டையை வைத்து, எல்லோரையும் ஆட்டோவில் எடுக்கச் சொன்னார். முட்டை முட்டையாக வரவில்லை. துணியில் ஓட்டை விழுந்த மாதிரி வந்தது. அதே முட்டையை வெள்ளைத் துணியில் வைத்து எடுத்தோம். சாம்பலில் உருட்டியது போல் வந்தது.

"கேமராவுக்கு முட்டையும் தெரியாது, துணியும் தெரியாது" என்றார் மேடம். "காட்டுறத எல்லாம் ஒண்ணா அரைச்சு, நடுவாந்தரமா ஒரு சாம்பல் நிறம் வருதான்னு மட்டும்தான் பாக்கும். கறுப்பு அதிகமா இருந்தா, 'ஐயோ இருட்டு'ன்னு வெளிச்சத்த அள்ளிக் கொட்டிடும். அதுல முட்டை வெந்துடும்."

நான் கையைத் தூக்கினேன். "மேடம், முட்டைக்குப் பதிலா பல்லா இருந்தா?"

"யாரு பல்லு?"

"சித்தியோடது."

"உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம். அதான் பிரச்சினை."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்காமல் என் படத்தைக் கேட்டார். காட்டினேன். எரிந்துபோன வெள்ளை இருக்கும் இடமெல்லாம் திரையில் கறுப்பாகச் சிமிட்டும்படி ஒரு வசதி இருக்கிறதாம். அதைப் போட்டுவிட்டார். சித்தியின் பற்கள் மொத்தமும் சிமிட்டின. நிறம் ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் பிடித்திருந்த மாதிரிப் பல்லும் சேர்ந்து சிமிட்டியது. வாய்க்குள் இருட்டு, பின்னால் நானே வைத்த கறுப்புத் தகடு. கேமரா பயந்துபோய் வெளிச்சத்தைக் கொட்டியிருக்கிறது. தூள் அண்ணன் அந்தப் படத்தை நம்பி வேலை செய்திருக்கிறார்.

மேடம் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். கேமரா சொந்தமாக எதையும் முடிவு செய்யக் கூடாது. ஃப்ளாஷின் பலத்தை ஓர் அளவில் பூட்ட வேண்டும். தூரத்தையும் பூட்ட வேண்டும். இவ்வளவு நெருக்கத்தில் ஒரு விரற்கடை முன்னே போனாலும் எல்லாம் மாறிவிடும், ஏனென்றால் லென்ஸ் நீள நீள உள்ளே வரும் வெளிச்சம் குறைகிறது, ஃப்ளாஷோ பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆகவே ஃபோகஸ் வளையத்தைத் தொடவே கூடாது. உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, படம் தெளியும் கணத்தில் அழுத்த வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி ஒரு தாளில் தூள் அண்ணனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் வரி, "பீங்கான் கக்கூஸ் கம்பெனியில் வேலை பார்க்க வேண்டியவர் நீங்கள்." எனக்கு மேற்கொண்டு தாங்கவில்லை.

"சித்தி, தப்பு அவர் மேல இல்ல. போட்டோ எடுத்தது நான். வெளிச்சம் கூடிப்போச்சு."

சித்தி பேனாவைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தே பேசினாள். அந்தப் பல் என்னைப் பார்த்தது.

"தெரியும்டி. நேத்தே உன் மூஞ்சி சொல்லிச்சு. நீயா எப்ப சொல்றேன்னு பாத்தேன்."

"அப்புறம் ஏன் கடுதாசி?"

"எழுதினாத்தான் நீ வாயத் திறப்பேன்னு."

பிறகு தாளைக் கிழித்துப்போட்டாள். ஆனால் முதல் வரி நன்றாக வந்திருக்கிறது என்று வருத்தப்பட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

டாக்டரம்மா இன்னொரு வாய்ப்புத் தந்தார். தூள் அண்ணனும் "சரி, இந்தத் தடவையாவது மனுஷப் பல்லு மாதிரி ஒண்ணக் குடு" என்றார்.

அளவுகள்: ஷட்டர் ஒரு நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு. லென்ஸ் துளை 22. ஃப்ளாஷ் நான்கில் ஒரு பங்கு. தூரம் பூட்டியாயிற்று. மாதிரிப் பல்லை, சித்தியின் நல்ல பல்லுக்குப் பக்கத்தில், அதே தளத்தில், நுனியோடு நுனி சேர்த்துப் பிடித்தேன். ஒன்று முன்னே நின்று இன்னொன்று பின்னே போனால் வெளிச்சம் இரண்டுக்கும் ஒன்றாக விழாது.

உதட்டை விலக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளை மாட்டியதும் சித்தியால் பேச முடியவில்லை. நான் நிதானமாக வேலை செய்தேன். முதல் படம் கொஞ்சம் மங்கலோ என்று தோன்றியது. ஃப்ளாஷைக் கூட்டினேன். சிமிட்டியது. குறைத்தேன். பல்லின் மேல் ஃப்ளாஷின் வட்டம் பளபளத்தது, கோணத்தை மாற்றினேன். தாளில் குறித்தேன். மறுபடி பழைய அளவுக்கே வந்தேன். சரியா என்று உறுதி செய்ய ஐந்து முறை எடுத்தேன். உறுதி சரியா என்று பார்க்க இன்னும் ஐந்து.

மொத்தம் இருபத்துமூன்று படங்கள். இருபத்திரண்டு நிமிடம். சித்தி நடுவில் "ஆ ஓ ஆ" என்றாள். "சரி, நல்லா எடு" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டேன். கொக்கியைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, அது "போதும், நாசமாப் போச்சு" என்று.

ஒரு சிறு சந்தேகம். முதல் படத்துக்கும் இருபத்துமூன்றாவது படத்துக்கும் அளவு ஒன்றேதான். ஆனால் கடைசிப் படத்தில் பல் சற்று வெளுப்பாகத் தெரிகிறது. அளவு மாறவில்லை என்பதால் பல்லும் மாறியிருக்க முடியாது. என் கண்ணில்தான் கோளாறு. கடைசியாக எடுத்ததுதான் எல்லா விதத்திலும் திருத்தமானது, அதையே மாடிக்கு அனுப்பினேன்.

மார்ச் 10, திங்கள்

கண்ணில் கோளாறு இல்லை.

இரண்டாவது கேப் இன்று மாலை நான்கு மணிக்கு வந்தது. முதலாவதைப் போல அவ்வளவு மோசமில்லை. சித்தி கண்ணாடியை நீளமாகப் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பார்த்தாள், ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள்.

"முன்னாடி டியூப்லைட். இப்ப ஜீரோ வாட் பல்பு. ஆனா எரியுது."

டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டார். பக்கத்துப் பல்லைவிட இரண்டு படி வெளுப்பு. நான் படத்தை எடுத்து வந்து காட்டினேன். படத்தில் மாதிரிப் பல்லும் சித்தியின் பல்லும் அப்படியே பொருந்தின. எதுவும் சிமிட்டவில்லை. வெளிச்சம் சரி, தூரம் சரி, ஆனாலும் தப்பு என்றால் நான் எதைத் திருத்துவது?

அப்போது தூள் அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் நோயாளிகள் இருக்கும் அறைக்கு வந்து பல வருடம் ஆகிறது என்று டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார்.

"என் வேலையக் குறை சொல்ற வாய நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்று சித்தி ஈயென்று காட்டினாள். "நாலு பல்லு என்னுது. ஒண்ணு மட்டும் யாரோடதோ."

அவர் குனிந்து பார்த்தார். என் படத்தைப் பார்த்தார். மறுபடி சித்தியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா வாயத் தொறந்தபடியே எவ்ளோ நேரம் வச்சிருந்தே?"

குறிப்பேட்டைப் புரட்டினேன். "இருபத்திரெண்டு நிமிஷம், அண்ணா."

"அடிப்பாவி. பல்லக் கொடியில காயப் போட்டியா?"

எச்சிலின் ஈரம் இருக்கும்வரைதான் பல்லுக்கு அதன் நிறமாம். உதட்டை விலக்கிக் காற்றில் வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே வெளுக்க ஆரம்பித்துவிடும். மறுபடி ஈரம் ஊறிப் பழைய நிறத்துக்கு வர மணிக்கணக்காகும். முதல் தடவை வெளிச்சத்தில் வேகவைத்தேன். வெள்ளியன்று வெளிச்சத்தைச் சரிபார்க்கிறேன் என்று காய வைத்துவிட்டேன். முதல் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் தூள் அண்ணன். அதில் நிறம் சரியாக இருந்தது. ஆனால் கோணம் தப்பி, பல்லின் நடுவில் ஃப்ளாஷின் வெள்ளை வட்டம் விழுந்திருந்தது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

"மொதப் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் வித்தியாசம் தெரியுதே, ஏன் சொல்லல?" என்றார்.

"என் கண்ணு தப்போன்னு நெனச்சேன்."

"உன் கண்ண ஏம்மா சந்தேகப்பட்டே? கைய சந்தேகப்பட்டிருக்கலாம். எனக்கு ஒரு சூளை மிச்சமாயிருக்கும்."

கணக்குப் போட்டோம். வியாழன் காலை நேர்காணல். புதன் சாயங்காலம் கேப் மாட்ட வேண்டும். தீட்டி, வேகவைத்து, மெருகேற்ற அவருக்கு ஒன்றரை நாள் வேண்டும். அதற்கு நாளை காலை ஒன்பது மணிக்குள் படம் கையில் இருக்க வேண்டும். அதன் பிறகு எடுத்துப் பயனில்லை.

சித்தி ஒன்றும் பேசாமல் கைப்பையை மாட்டிக்கொண்டாள். எப்போதும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் மட்டும், என்னைப் பார்க்காமலே, "இந்தத் தடவையும் வெளியாள்தான் போலடி" என்றாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கும் கொஞ்சம் தப்பா எடுக்க முடியுமா? ஒரு வாரத்துக்குத் தாங்குற மாதிரி."

"சித்தப்பா!"

"சும்மா கேட்டேன். உங்க சித்தி பேசாம இருந்தா வீடு சர்வீசுக்கு நிறுத்தின லிஃப்ட் மாதிரி இருக்கு. மொத ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பயமா இருக்கு. என்ன செய்யணும், சொல்லு."

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். வெளிச்சம், கோணம், தூரம் எல்லாவற்றையும் சித்தி உட்காருவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அவள் உட்கார்ந்ததும் ஒரே படம். அதற்கு முன்னால் எனக்கு வேறொரு வாய் வேண்டும்.

சித்தப்பா தன் வாயைக் கையால் மூடிக்கொண்டார். ஆனால் வருகிறேன் என்று தலையாட்டினார்.

மார்ச் 11, செவ்வாய்

காலை ஏழே முக்கால். மருத்துவமனை திறக்குமுன் டாக்டரம்மா சாவி கொடுத்திருந்தார். புதுக் கொக்கி ஜோடி ஒன்றைப் பிரித்துச் சித்தப்பாவுக்கு மாட்டினேன். சித்தி பக்கத்து நாற்காலியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தாள். வாயை மூடி, ஈரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு.

இரண்டு நிமிடம்தான் மூடியிருந்தாள். கணவர் எதிரில் பதில் பேச முடியாத நிலையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சித்தி மெதுவாகத்தான் கவனித்தாள்.

"என்னங்க, வலிக்குதா?"

"ஆஆ."

"நல்லது. போன மாசம் எங்க அக்கா வந்தப்போ டியூட்டின்னு சொல்லிட்டு எங்க போனீங்க?"

"ஆ ஆ ஓ!"

"கிரிக்கெட் பாக்கப் போனீங்க. தெரியும். குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு சொல்லி எத்தன மாசம்? ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் ஏறி இறங்குது, வீட்டுக் குழாய் மட்டும் நிக்க மாட்டேங்குது."

"சித்தி, அவர் ஆடுறாரு, ஃபோகஸ் தப்புது" என்றேன்.

"ஆடட்டும். நான் ஆடலியா பதினெட்டு வருஷமா?"

சித்தப்பா கண்ணாலேயே என்னிடம் மன்றாடினார். ஆனால் எனக்கு அவருடைய பற்கள் தேவைப்பட்டன. மாதிரிப் பல்லை வைத்து எடுத்தேன். சிமிட்டவில்லை, மங்கலும் இல்லை. ஃப்ளாஷின் வட்டம் பல்லில் விழாத கோணத்தைக் கண்டுபிடிக்கத்தான் நேரமானது. கேமராவைச் சற்றே மேலிருந்து, ஒரு பென்சில் தடிப்பு அளவு சாய்த்தால் வட்டம் ஈறுப் பக்கம் போய்விடுகிறது. நான் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டினேன். நாற்காலியின் உயரத்தையும் தலையணையின் சாய்வையும் குறித்தேன்.

ஒரு தொந்தரவு. சித்தப்பாவின் எல்லாப் படத்திலும், இடப்பக்கக் கோரைப்பல்லின் ஓரத்தில், ஈறை ஒட்டி ஒரு கறுப்புப் புள்ளி. லென்ஸில் தூசு என்று நினைத்து மூன்று முறை துடைத்தேன். போகவில்லை. அவர் தலையை ஆட்டினால் புள்ளியும் கூடவே ஆடியது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எட்டு முப்பத்தைந்து. சித்தப்பாவை இறக்கிவிட்டேன். கன்னத்தைத் தடவிக்கொண்டு, "குழாய் இன்னைக்கே பாக்குறேன்" என்றார்.

சித்தி ஏறி உட்கார்ந்தாள். தூள் அண்ணன் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொக்கியைக் கையில் எடுத்தேன். அப்போது, சரியாக அப்போது, எனக்குச் சந்தேகம் வந்தது. சித்தப்பாவின் பல் சித்தியின் பல்லைவிடக் கருமை. அதற்குச் சரியான வெளிச்சம் இதற்குக் கூடுதலாகிவிட்டால்? ஒருமுறை குறைத்து எடுத்துப் பார்க்கலாமா? ஒன்றே ஒன்று?

"நோட்ட மூடுடி" என்றாள் சித்தி.

"இல்ல சித்தி, ஒரே ஒரு..."

"மாதிரிப் பல்லு என் பல்லா, உங்க சித்தப்பா பல்லா?"

"ரெண்டும் இல்ல. அது பீங்கான்."

"அது மாறுச்சா?"

மாறவில்லை. அதே பீங்கான், அதே தூரம், அதே ஃப்ளாஷ். மாதிரிப் பல் சரியாக விழுந்தால் பக்கத்தில் இருப்பது கருமையோ வெளுப்போ, அதுவும் உள்ளபடிதான் விழும். இதற்குத்தானே நான் எல்லாவற்றையும் பூட்டினேன். யாருடைய வாய் என்று ஃப்ளாஷுக்கு இனி கவலையில்லை.

நோட்டை மூடினேன். "சித்தி, நாக்கால பல்ல ஒரு தடவ நனைச்சுக்கோ."

கொக்கி. மாதிரிப் பல். டேப்பின் மேல் கால். மூச்சைப் பிடித்து, உடம்பை முன்னே சாய்த்தேன். பல்லின் விளிம்பில் இருந்த சிறு கோடுகள் மங்கலிலிருந்து மேலே வந்தன. அழுத்தினேன். கை பழக்கத்தில் இரண்டாவது முறையும் அழுத்திவிட்டது. கொக்கியை எடுத்தேன்.

"நாப்பது செகண்டு" என்றார் தூள் அண்ணன்.

"அவ்ளோதானா?" என்றாள் சித்தி, ஏமாற்றத்தோடு. "நான் உள்ளுக்குள்ளயே திட்ட ஆரம்பிச்சேன், முடிக்கக்கூட இல்ல."

தூள் அண்ணன் திரையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். மாதிரிப் பல்லைவிடச் சித்தியின் பல் இரண்டு படி கருமை, நுனியில் மட்டும் கொஞ்சம் நீலச்சாயல். அதை வெள்ளியன்று நான் பார்க்கவே இல்லை. அவர் "ம்" என்றார். கேமராவின் கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனார். "ம்" என்றால் என்ன அர்த்தம் என்று இதுவரை தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

மாலை ஐந்தரைக்குக் கேப் வந்தது. வகுப்புக்குப் போகவில்லை.

டாக்டரம்மா வைத்தார். சித்தி கண்ணாடியில் பார்த்தாள். ஜன்னலில் பார்த்தாள். வாசலுக்கு வெளியே போய் வெயிலில் பார்த்தாள். திரும்பி வந்து, "எதுடி புதுசு?" என்றாள்.

"வலது" என்றேன்.

"நிஜமா? நான் இடதுன்னு நெனச்சேன்."

பொய்தான். ஆனால் தூள் அண்ணனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். மாடிப்படியில் நின்றிருந்த அவர் ஒன்றும் கேட்காதவர் போல மேலே போனார். மெதுவாகத்தான் போனார்.

மார்ச் 13, வியாழன்

சித்தி இரண்டு மணிக்குப் போன் செய்தாள். நான் அச்சில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் வெள்ளை. முழங்கையால் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"கெடச்சிருச்சுடி! ஒண்ணாம் தேதியிலேர்ந்து."

ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். மாவு இறுகத் தொடங்கியது.

"ஆனா ஒரு கூத்து கேளு. பெரிய மேனேஜருங்க யாரும் நேர்ல வரல. மூணு பேரும் கம்ப்யூட்டர்ல. என்ன உக்கார வச்ச எடத்துக்குப் பின்னாடி பெரிய ஜன்னல். முடிஞ்சப்புறம் அங்க இருந்த பொண்ணு சொல்றா, 'மேடம், ஜன்னல் வெளிச்சத்துல உங்க முகமே தெரியல, கறுப்பா ஒரு உருவம்தான் தெரிஞ்சுது'ன்னு."

"முகமே தெரியலயா?"

"முகமே தெரியலன்னா பல்லு எங்கேர்ந்து தெரியும்? அந்த டியூப்லைட்டோடயே போயிருக்கலாம். அதாவது கொஞ்சம் வெளிச்சம் குடுத்திருக்கும்."

ஜன்னலைப் பார்த்த கேமரா வெளிச்சம் அதிகம் என்று எல்லாவற்றையும் குறைத்திருக்கிறது. ஜன்னல் சரியாக விழ, சித்தி இருட்டாகியிருக்கிறாள். இதை அவளிடம் விளக்க ஆரம்பித்தேன்.

"உன் கிளாஸ அப்புறம் எடு. அவங்களுக்குத் தெரியலன்னா என்ன, எனக்குத் தெரிஞ்சுது. அதான் நாப்பது நிமிஷம் வாய மூடாமப் பேசினேன். கடைசியில ஒருத்தர் 'போதும்மா, வேலை உங்களுக்குத்தான்'னு சொல்லிட்டாரு."

மாடியில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. தூள் அண்ணன் தூரிகையைக் கீழே வைக்காமலே, "ஸ்பீக்கர ஆஃப் பண்ணு, என் தூள் பறக்குது" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டாக்டரம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமைப் படங்களைத் திறந்து வைத்திருந்தார். இனி நிறப் படங்களை நானே எடுக்கலாம் என்றார். பிறகு சித்தப்பாவின் படத்தைப் பெரிதாக்கி, கோரைப்பல்லின் ஓரத்தில் இருந்த புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்னன்னு நெனச்சே?"

"தூசுன்னு நெனச்சேன் டாக்டர். மூணு தடவ துடைச்சேன்."

"லென்ஸத் துடைச்சா சொத்தை போகுமா?"

வீட்டில் சித்தப்பா குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்பேனரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சித்தி சமையலறையிலிருந்து வந்து, புதுப் பல் தெரியச் சிரித்தாள். கூட வருவதற்காக லீவு போட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

நாளை காலை ஒன்பதரைக்குச் சித்தப்பாவை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக வேண்டும். இடப்பக்கக் கோரைப்பல், மேல்வரிசை. அடைப்பதற்கு முன் நிறப் படம் ஒன்று, நாற்பது செகண்டுக்குள்.